கேட்டில் எடுத்த முடிவு: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றின் பதினோரு சீசன்

ஜூன் மாதம், விடிகாலை நாலரை மணி. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் கேட். வெளியே ரோட்டோரம் டிராக்டர், குட்டியானை, ஈச்சர் என்று நாற்பது ஐம்பது வண்டி வரிசையில் நிற்கிறது. சூப்பர்வைசர் ஒரு வண்டிமேல் ஏறுகிறார். மேலாக இருக்கிற காயைத் தொடுவதில்லை; அடியில் கையை விட்டு ஒரு பெங்களூராவை உருவி நடுவில் அறுக்கிறார். கொட்டையை ஒட்டிய சதையில் மஞ்சள் ஏறியிருக்கிறதா, வெளுப்பாகவே இருக்கிறதா, புழு உண்டா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். அப்புறம் முதலாளிக்கு போன்.

"அண்ணா, முக்கால்வாசி முத்தல்தான். நேத்து ரேட்டுக்கே எறக்கிடலாமா?"

பதில் சொல்ல முதலாளிக்குப் பத்து விநாடிதான். அந்தப் பத்து விநாடியில் எட்டு டன் காய் உள்ளே வரும், அல்லது திரும்பிப் போகும். இப்படி ஒரு சீசனுக்கு ஆயிரம் போன் வரும்.

இந்த ஆலைக்குப் பதினோரு வருடமாக நான்தான் கணக்குப் பார்க்கிறேன். எழுதலாம் என்று முதலாளி சம்மதித்தார். ஊர், பெயர், கம்பெனி எதுவும் வரக்கூடாது என்றார். எண்கள் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தாலும், கணக்கு எளிதாகப் புரிய ரவுண்டாக்கியிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று. தோத்தாபுரி, கிளிமூக்கு என்று நீங்கள் சொல்கிற காய்க்கு எங்கள் பக்கம் பெங்களூரா என்று பெயர். வீட்டில் வெட்டித் தின்பதற்கு செந்தூராவையும் மல்கோவாவையும் தேடுவோம். ஆலைக்குப் பெங்களூராதான். சதைப்பிடிப்பு அதிகம், விலை குறைவு. பாட்டிலில் வருகிற மாம்பழ ஜூஸில் பெரும்பகுதி இந்தக் காய்தான். நாட்டில் மாங்கூழ் ஆலைகள் கூட்டமாக இருக்கிற இடம் என்றால் முதலில் சித்தூர், அதற்கு அடுத்து நாங்கள்.

நிர்வாகப் பாடத்தில் முடிவுகளை வியூக முடிவு, கள முடிவு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். (சிலர் இரண்டாவதைத் தந்திரம் என்று எழுதுகிறார்கள். நம் காதில் அது ஏமாற்று வேலை மாதிரி விழுகிறது, விட்டுவிடலாம்.) எந்தத் தொழில், யாருக்கு விற்பது, எந்த மெஷின் என்பதெல்லாம் முதல் வகை. இன்றைக்கு என்ன ரேட், எத்தனை ஷிப்டு, எந்த வண்டி முதலில் என்பது இரண்டாம் வகை. எங்கள் முதலாளி இவற்றுக்குத் தானாகவே பெயர் வைத்திருக்கிறார்: அஞ்சு வருஷ முடிவு, கேட் முடிவு. முன்னதற்கு ஜாதகம் பார்ப்பார். பின்னதற்கு போன் போதும். தப்பானால் அடுத்த சீசனுக்குள் திருத்திக்கொள்ள முடியுமா என்பதுதான் அவருடைய அளவுகோல். திருத்த முடிந்தால் அது கேட் முடிவு.

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டப்பாவிலிருந்து டிரம்முக்கு

அவருடைய அப்பா காலத்தில் 3.1 கிலோ தகர டப்பாவில் கூழ் அடைத்து வளைகுடா நாடுகளுக்கு அனுப்பினார்கள். ஆள் வேலை அதிகம், தகரத்தின் விலை வேறு ஏறிக்கொண்டே போனது. ஜூஸ் கம்பெனிகள் டப்பா கேட்பதை நிறுத்திவிட்டு டிரம் கேட்க ஆரம்பித்தன. கூழைச் சூடாக்கி, ஆறவைத்து, கிருமி நீக்கிய பையில் காற்றுப் படாமல் நிரப்பி, பையை இரும்பு டிரம்முக்குள் வைக்கிற முறை இது. ஒரு டிரம்மில் 215 கிலோ. இருபது அடி கண்டெய்னரில் 80 டிரம் ஏறும், 17 டன் சொச்சம். குளிர்சாதனம் இல்லாமலே ஒன்றரை வருடத்துக்குக் குறையாமல் தாங்கும்.

அந்த டிரம் நிரப்புகிற மெஷின் வரிசையை, அதாவது லைனை, போடலாமா வேண்டாமா என்று எட்டு மாதம் யோசித்தார். சித்தூருக்கு நாலு தடவை போய் வந்தார். தோட்டத்தை பேங்கில் அடமானம் வைக்க அவருடைய அம்மா கையெழுத்து வேண்டியிருந்தது. அதற்கே இரண்டு மாதம். கடைசியில் போட்டார். சரியான முடிவு. டப்பாவிலேயே இருந்திருந்தால் ஆலை இன்று கல்யாண மண்டபம் ஆகியிருக்கும்.

சங்கடம் எங்கே என்றால், லைன் ஓடுவது வருடத்தில் அறுபது எழுபது நாள். தவணை கட்டுவது பன்னிரண்டு மாதம்.

கூலிக்கு அரைத்த கதை

லைன் போட்ட முதல் சீசனிலேயே வெளிமாநிலத்துப் பெரிய கம்பெனி ஒன்று ஜாப் ஒர்க் கேட்டு வந்தது. காய் அவர்கள் காசு, பையும் டிரம்மும் அவர்களுடையது. இவர் கூழாக்கித் தர வேண்டும், கிலோவுக்கு 10 ரூபாய் கூலி. ரிஸ்க் என்று ஒன்று கிடையாது. காய் விலை ஏறினால் என்ன, டாலர் இறங்கினால் என்ன. பில் போட்டால் நாற்பத்தைந்து நாளில் பணம்.

அந்த வருடம் லைனின் முப்பது சதவீதத்தை ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தார். நான்தான் கொடுக்கச் சொன்னேன், மறைக்கவில்லை. தவணை கட்ட வேண்டுமே. அடுத்த வருடம் பூப் பிடிக்கவில்லை, காய் விலை கன்னாபின்னா, ஆகவே நாற்பது. அதற்கு அடுத்த வருடம் ஆலங்கட்டி மழை. இன்னொரு வருடம் மகள் கல்யாணம், பணம் முடங்கக்கூடாது என்றார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் நியாயமான காரணம். எதை எடுத்துப் பார்த்தாலும் நான் இன்றைக்கும் அதையே சொல்லியிருப்பேன். ஏழாவது சீசனில் ஜாப் ஒர்க் எண்பத்தைந்து சதவீதத்தைத் தொட்டிருந்தது.

"இனிமேல் நாம் சொந்தமாகக் கூழ் விற்பதில்லை, கூலிக்கு அரைக்கிற ஆலையாக மாறப்போகிறோம்" என்று யாரும் ஒரு நாளும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. கேட்டிருந்தால் முதலாளி சண்டைக்கு வந்திருப்பார். ஆனால் மாறிவிட்டது.

என்னென்ன போனது என்று பார்த்தால், ஐந்து பேருக்கு மேல் இருந்த வெளிநாட்டு வியாபாரிகளில் கடைசி ஆளும் மெயில் போடுவதை நிறுத்தினார். காயைக் கம்பெனியின் ஏஜென்டே வாங்கியதால், தோட்டக்காரர்களும் பூவிலேயே தோப்பைப் பிடிக்கிற குத்தகைக்காரர்களும் இவர் நம்பரை விட்டுவிட்டு ஏஜென்ட் நம்பரை வைத்துக்கொண்டார்கள். லேபில் இருந்த பையன் ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். எந்தத் தோப்புக் காயை எதோடு கலந்தால் 14 பிரிக்ஸ் (கூழில் கரைந்திருக்கிற சர்க்கரையின் அளவு) வரும் என்று அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். இவை எதற்கும் என் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

பத்தி இருந்த ஒன்றையும் நான் கவனிக்காமல் விட்டேன், அதுதான் எனக்கு வெட்கம். சிறு தொழிலுக்கு நடைமுறை மூலதனம் கொடுக்கும்போது பேங்குகள் நாயக் கமிட்டி முறையைப் பார்க்கின்றன: ஒரு வருட விற்றுமுதல் எவ்வளவு இருக்கும் என்று கணித்து, அதில் 20 சதவீதத்தைக் கடன் வரம்பாக, அதாவது லிமிட்டாக, வைக்கிறார்கள். வருடம் 2,000 டன் கூழைச் சொந்தமாகக் கிலோ 45 ரூபாய்க்கு விற்றால் விற்றுமுதல் 9 கோடி, லிமிட் 1 கோடியே 80 லட்சம். அதே 2,000 டன்னைக் கூலிக்கு அரைத்தால் பில்லில் ஏறுவது கூலி மட்டும்தான்: 2 கோடி, லிமிட் 40 லட்சம். ஒரே மெஷின், ஒரே பாய்லர், அதே ஆட்கள். பேங்கின் கண்ணுக்கு மட்டும் ஆலை கால்வாசியாகச் சுருங்கிவிட்டது. வட்டி மிச்சமாகிறதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டு லிமிட் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஓசூரைப் பற்றி ஒரு பேச்சு

இந்த இடத்தில் முதலாளி வழக்கமாக ஓசூரை இழுப்பார். "பெரிய கம்பெனிக்காரன் போர்டு மீட்டிங் போட்டு எடுக்கறான் சார், நமக்கு கேட்டுலதான் போர்டு மீட்டிங்."

ஓசூர் இங்கிருந்து ஒரு மணி நேரம். அங்கே நடந்ததும் அப்படி ஒன்றும் நேர்கோடாக நடக்கவில்லை. அங்கே ஆலை வைத்திருக்கிற டைட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய வாட்ச் கம்பெனி. தொண்ணூறுகளில் நகைக்குள் நுழைந்தபோது போட்ட வியூகம் வெளிநாட்டுச் சந்தையை மனதில் வைத்தது. உள்ளூரில் தனிஷ்க் என்று விற்க வந்தபோதும் 18 காரட் நகைதான் முன்னால் நின்றது. நம் ஜனங்கள் 22 காரட்டைத் தவிர வேறு எதையும் தங்கம் என்றே ஒத்துக்கொள்ளாதவர்கள். வியாபாரம் படுத்தது. 22 காரட்டுக்கு மாறினார்கள். கடைக்குள் காரட் மீட்டர் என்று ஒரு மெஷினையும் வைத்து, உங்கள் பழைய நகையைக் கொண்டுவாருங்கள், எத்தனை காரட் என்று உங்கள் கண் முன்னாலேயே காட்டுகிறோம் என்றார்கள். பரம்பரையாக நம்பின கடையில் வாங்கின நகை 22 இல்லை என்று தெரிந்து ஆடிப்போன வீடுகள் எத்தனையோ.

அந்த மீட்டர் கவுண்டரில் உட்கார்ந்த ஒரு சாமான், அதாவது எங்கள் முதலாளி மொழியில் சுத்தமான கேட் முடிவு. அதற்கு அப்புறம் தனிஷ்க் என்றால் நம்பிக்கை என்கிற பேரே அதன்மேல் ஏறியதுதான். கேட்டில் நடப்பது மேலே ஏறி வியூகமாக உட்காரும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை. அவர்கள் கவனித்துக்கொண்டு ஏறவிட்டார்கள். நாங்கள் கவனிக்கவில்லை.

ஏப்ரல் மெயில்

மூன்று சீசனுக்கு முன்னால், வழக்கமாகப் பிப்ரவரியில் வருகிற ஜாப் ஒர்க் ஒப்பந்தம் ஏப்ரல் வரை வரவில்லை. வந்தபோது மூன்று வரிதான். போன வருடச் சரக்கு தேங்கியிருக்கிறது, இந்த வருடம் 800 டன் போதும்.

லைனில் 1,200 டன் இடம் காலி. பெங்களூராவில் தோலும் கொட்டையும் கழிவும் போக ஏறக்குறைய பாதிதான் கூழாகும். ஆக 2,400 டன் காய் வேண்டும். அந்த வருட விலை கிலோ 14. மூன்று கோடிக்கு மேல் வருகிறது. கையில் லிமிட் 40 லட்சம்.

அந்த வாரம் எல்லாரும் யோசனை சொன்னார்கள். அதிகம் பேர் சொன்னது தக்காளி. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் விலை விழுகிறபோது ரோட்டில் கொட்டுகிறார்களே, அதை வாங்கிப் பேஸ்ட் போட்டால் வருடம் முழுக்க ஆலை ஓடுமே என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதலாளிக்கும் கண் மின்னியது. ஒரு பழைய பில்லைத் திருப்பி அதன் முதுகில் கணக்குப் போட்டோம். நம் மார்க்கெட் தக்காளியில் பிரிக்ஸ் நாலரை வந்தால் பெரிய விஷயம். லாரியில் அடிபடாமல் போய்ச்சேர வேண்டும் என்று தேர்ந்தெடுத்த ரகங்கள் அவை, பேஸ்ட்டுக்கானவை அல்ல. பேஸ்ட் 28 பிரிக்ஸ் இருக்க வேண்டும். 28-ஐ நாலரையால் வகுத்தால் ஆறுக்கு மேல். தோல், விதை கழித்தால் ஏழு கிலோ தக்காளிக்கு ஒரு கிலோ பேஸ்ட். கிலோ நாலு ரூபாய்க்குக் கிடைத்தாலும் பழத்துக்கே 28 ரூபாய். ஐந்து கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க எரிபொருள் தனி. ஆவியாக்குகிற மெஷின் இவரிடம் கிடையாது, மாங்கூழுக்கு அது தேவைப்படவில்லை. விலை விழுவதும் இரண்டு மூன்று வாரம்தான். திடீரென்று நாற்பது ரூபாய்க்கு ஏறினால் ஆலை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தக்காளி அந்த பில்லோடு முடிந்தது.

கொய்யா தேறியது. கொய்யாக்கூழ் 9 பிரிக்ஸ் இருந்தால் போதும், ஆவியாக்க வேண்டாம், இருக்கிற லைனில் விதை பிடிக்கிற பொடி சல்லடை மட்டும் மாற்ற வேண்டும். பழனிப் பக்கம் ஆயக்குடியிலிருந்து லோடு வரவழைத்து டிசம்பரில் இருபத்தைந்து நாள் ஓட்டினார். லாபம் பெரிதாக இல்லை. பாய்லர் ஆபரேட்டர் வேறு வேலைக்குப் போகாமல் இருந்தார், அதுவே பெரிது.

மாம்பழத்துக்கு வெளியில் ரெண்டு வட்டிக்கு 50 லட்சம் வாங்கினார். ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னேன், கேட்கவில்லை. அதையும் லிமிட்டையும் சுழற்றி 350 டன் சொந்தக் கூழ் போட்டார். பெங்களூரில் சின்ன ஜூஸ் கம்பெனிகள், ஐஸ்கிரீம் கடைக்காரர்கள் என்று தேடிப்போய் ஐந்து டிரம், பத்து டிரம்மாக விற்றார். சின்ன லாட்டுக்குக் கிலோவுக்கு மூன்று நாலு ரூபாய் கூடவே கிடைத்தது. அந்த வருடம் நஷ்டம்தான். ஆனால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் விற்பனை ஏறியது, அடுத்த புதுப்பித்தலில் பேங்க் லிமிட்டும் ஏறியது. இந்த விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு.

அப்புறம்தான் அந்தப் பேச்சு நடந்தது.

"ஜாப் ஒர்க் எந்த வருஷமும் பாதிக்கு மேல வேண்டாம்னு எழுதி வச்சிடுங்க" என்றேன்.

"ரேட் ஏத்திக் குடுத்தா?"

"அப்பவும்."

"சார், நீங்க கணக்கு எழுதறவர். கேட்டுல நிக்கறவன் நான்."

கோபமாகத்தான் சொன்னார். ஆனாலும் கேட் ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில், வண்டி நம்பர் எழுதுகிற இடத்துக்கு மேலே, பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறார்: கூலி பாதி, சொந்தம் பாதி. ஐந்து வருட முடிவு என்று பீரோவில் வைத்திருந்தால் பிப்ரவரிக்குள் மறந்திருப்பார்.

2025 சீசன்

அந்தப் பச்சை மைக்குச் சோதனை 2025-இல் வந்தது. காய் மிதமிஞ்சிக் காய்த்தது, பெங்களூரா விலை சரிந்தது. ஆந்திராவில் விவசாயிக்குக் கிலோ 12 ரூபாய் கிடைக்கும்படி, ஆலை 8, அரசு 4 என்று வைத்தார்கள். ஜூன் மாதம் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பெங்களூரா உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டது. கர்நாடகத்துக் காயும் நம் காயும் வருடாவருடம் அங்கே போகிறவை. வழி அடைத்ததும் காய் எங்கே போகும்? எங்கள் கேட்டில் வரிசை இரண்டு கிலோமீட்டர்.

விலை சல்லிசாக இருக்கும்போது அள்ளிப் போடு என்பது வியாபாரிக்கு ரத்தத்தில் ஊறியது. இவருக்கும் கை பரபரத்தது. லிமிட்டும் இப்போது ஒரு கோடிக்கு மேல் இருந்தது. எனக்கு இரண்டு பயம். ஒன்று, எல்லா ஆலையும் சல்லிசுக் காயில் கூழ் போட்டால் கூழ் விலையும் சேர்ந்தே இறங்கும். இன்னொன்று அறையின் கொள்ளளவு. காய் வந்த அன்றே கூழாவதில்லை. பழுக்கும் அறையில் ஐந்தாறு நாள் கிடந்து பழுக்க வேண்டும். இன்றைக்குக் கேட்டில் 'எறக்கு' என்று சொன்னால், அடுத்த வாரம் இத்தனை டன் லைனில் ஓடும் என்று வாக்குக் கொடுத்த மாதிரி. நடுவில் பாய்லர் ஒரு நாள் படுத்தால் மொத்தமும் ஒரே சமயத்தில் கனிந்து அழுகும்.

கையில் இருந்த ஆர்டர், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு. அதோடு நிறுத்துவது, தன்னுடைய நூற்றுப்பத்து தோட்டக்காரர்களுக்கு மட்டும் டோக்கன் என்று முடிவு செய்தார். அளவு சரி. அதைச் செய்த விதம் சரியில்லை. முந்தின நாள் சாயங்காலமே போனில் செய்தி போட்டிருக்கலாம். நள்ளிரவுக்கு மேல் முடிவெடுத்து, வரிசையில் நின்றவர்களிடம் விடிகாலையில் சூப்பர்வைசரை விட்டுச் சொல்ல வைத்தார். போச்சம்பள்ளிப் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவர் இரண்டு இரவு நின்றிருந்தார். "பறிச்ச கூலியும் வண்டி வாடகையும் போதும், எறக்கிக்கங்கண்ணா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். டோக்கன் இல்லை. காய் அதற்குள் மெத்தென்று ஆகியிருந்தது. அவர் வண்டியைத் திருப்பி, பைபாஸுக்கு முன்னால் பாதி லோடைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனார். அந்த வழியாகத்தான் முதலாளி தினம் வீட்டுக்குப் போக வேண்டும். பத்து நாள் வேறு ரோட்டில் போனார்.

சொந்த டிரம் எல்லாம் அக்டோபருக்குள் விற்றுத் தீர்ந்தது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது நவம்பரில் பெங்களூர் வியாபாரி ஒருவர் நூறு டிரம் கேட்டார், நல்ல விலைக்கு. கையில் ஒன்றுகூட இல்லை. "பாத்தீங்களா சார்" என்று எனக்கு போன் போட்டார். நான் என்ன சொல்ல. இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம்தான், ஜூன் மாதத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

இந்தப் பிப்ரவரியில் கம்பெனி மறுபடி வந்தது. எழுபது சதவீதம் வேண்டும், கிலோவுக்கு ஐம்பது காசு கூட்டித் தருகிறோம் என்றது. ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டே பேசியிருக்கிறார். பாதிக்கு மேல் முடியாது என்றதும், அளவு குறைவு என்று காரணம் சொல்லிப் பழைய ரேட்டிலிருந்தும் அறுபது காசு குறைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, கால்குலேட்டரை இழுத்து, அறுபது காசை ஆயிரம் டன்னால் பெருக்கினார். ஆறு லட்சம். எனக்கும் காட்டினார்.

சித்த நேரம் பேசாமல் இருந்தார். காபி வந்தது.

"பூ இந்த வருஷம் நல்லா புடிச்சிருக்கு சார்" என்றார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.